பல்ஸைக் கூட்டினால் மழை தெளிவாகத் தெரியுமா?

கேள்வி: அக்டோபர் 24, இரவு 9.40

"அண்ணா, டாப்ளர் ரேடார்ல ஒரு வினாடிக்கு இத்தனை பல்ஸ்னு ஒரு செட்டிங் இருக்காமே, பி.ஆர்.எஃப்.னு. அதைக் கூட்டி வெச்சா காத்தோட வேகம் சரியா தெரியும்னு படிச்சேன். அப்போ எப்பவுமே கூட்டி வெச்சுட வேண்டியதுதானே? குறைச்சு வெச்சுட்டு, காத்துப் படத்துல கலர் கன்னாபின்னான்னு மாறுதுன்னா யாருக்கு என்ன லாபம்? நான் வேளச்சேரி. நவம்பர் வந்தாலே வயித்துல புளியக் கரைக்குது, அதான் கேக்கறேன்."

அக்டோபர் 24, இரவு 11.15

வைக்க முடியாது தம்பி. கூட்டினால் வேகம் கிடைக்கும், தூரம் கையை விட்டுப் போகும்.

ரேடார் ஒரு பல்ஸை, அதாவது ஒரு துண்டு ரேடியோ அலையை, அனுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் மேகம் எத்தனை கி.மீ. தள்ளி நிற்கிறது என்று சொல்லும். வினாடிக்கு 600 பல்ஸ் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 1,667 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தில் ரேடியோ அலை போய்த் திரும்பக்கூடிய தூரம் 250 கி.மீ. அதற்கு அப்பாலிருந்து வருகிற எதிரொலி, அடுத்த பல்ஸ் கிளம்பிய பிறகே வந்து சேரும். 1,000 பல்ஸ் வைத்தால் எல்லை 150 கி.மீ.க்குச் சுருங்கும். 300 வைத்தால் 500 கி.மீ. வரை நீளும்.

வேகத்தில் கணக்கு தலைகீழ். அலைநீளத்தை பி.ஆர்.எஃப்.ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் குழப்பமில்லாமல் அளக்கக்கூடிய அதிகபட்ச வேகம் வரும். சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் 2002 முதல் இருப்பது எஸ் பேண்ட் ரேடார், அலைநீளம் ஏறக்குறைய 10 செ.மீ. அந்த அலைநீளத்துக்கு 600 பல்ஸில் வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. 1,000 பல்ஸில் 25 மீட்டர், மணிக்கு 90 கி.மீ. புயல் காற்று இதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். கலர் மாறுவது அதனால்தான். அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

அக்டோபர் 25, காலை 6.50

காபி குடிக்கும்போது தோன்றியது. நேற்றைய எண்களைப் பெருக்கிப் பார். 250 பெருக்கல் 15 என்றால் 3,750. 150 பெருக்கல் 25 என்றாலும் 3,750. 300 பல்ஸுக்கு வரும் 500 பெருக்கல் 7.5 என்றாலும் அதேதான். பி.ஆர்.எஃப். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தப் பெருக்கல் தொகை அசையாது, அலைநீளம் மாறினால்தான் மாறும். பள்ளிக்கரணையில் இருக்கும் எக்ஸ் பேண்ட் ரேடாருக்கு அலைநீளம் 3 செ.மீ. சொச்சம். அங்கே 1,000 பல்ஸ் வைத்தாலும் வினாடிக்கு 8 மீட்டர்தான். ஆடி மாதக் காற்றே அதைத் தாண்டும்.

சின்ன ரேடார் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊருக்குள் கிட்டத்தில் பெய்யும் மழையை நுணுக்கமாகப் பார்க்க அது அருமையான கருவி. ஆனால் கனமழைக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க எக்ஸ் பேண்ட் திணறும், நடுவில் இருக்கும் மழையே அலையைத் தின்றுவிடும். எஸ் பேண்டுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

அக்டோபர் 26, இரவு 10.30

இதைச் சொல்லாமல் பி.ஆர்.எஃப். பேச்சை விட மனசு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கடலோரத்தில் ஒரு நிலையம், பெயர் வேண்டாம். இரவு ஷிஃப்ட். 600 பல்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே 90 கி.மீ.யில் ஒரு கீற்று வந்தது. ஒல்லியாக, நீளமாக, மையத்தைப் பார்த்து ஊசி குத்துகிற மாதிரி நின்றது. மழைமேகம் வளர்கிறது என்று பதிவேட்டில் எழுதி, கடலில் மழை என்று மேலே சொல்லியும் விட்டேன். அரை மணி நேரம் கழித்து மூத்தவர் ஒருவர் வந்தார். திரையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் பி.ஆர்.எஃப்.ஐ 600-இலிருந்து 500-க்கு மாற்றினார். அடுத்த சுற்றில் கீற்று 90-இல் இல்லை. 40 கி.மீ.க்கு வந்துவிட்டது. ஒரு சுற்றுக்குள் 50 கி.மீ. நகரும் மழை எங்கே இருக்கிறது? அப்புறம் 400-க்கு மாற்றினார். இப்போது அது 340 கி.மீ.யில், அகலமாக, நல்ல தடியாக, முழு இடிமேகமாக உட்கார்ந்திருந்தது.

கணக்கு எளிது. 600-க்கு எல்லை 250, 340-இல் அதைக் கழித்தால் 90. 500-க்கு எல்லை 300, கழித்தால் 40. 400-க்கு எல்லை 375, அதனால் மேகம் தன் சொந்த இடத்திலேயே தெரிந்தது. முந்தைய பல்ஸின் எதிரொலியைப் புதிய பல்ஸின் கணக்கில் எழுதிவிட்டது ரேடார். எங்களிடையே இதற்குப் பேர் 'செகண்ட் ட்ரிப்'. ஒல்லியாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு: 340-இல் 40 கி.மீ. அகலமான மேகத்தை அதே கோணத்தில் 90-இல் வரைந்தால் பத்து கி.மீ. சொச்சம்தான் வரும், நீளம் மட்டும் அப்படியே இருக்கும். வலிமையும் குறைத்துக் காட்டும். கிட்டத்தில் இருக்கிறது என்று நினைத்துத் தூரத் திருத்தம் போடுவதால் பதினோரு டெசிபெல்லுக்கு மேல், அதாவது பத்து மடங்குக்கும் மேல், அடிபட்டுப் போகும்.

நிஜ மழை பி.ஆர்.எஃப். மாற்றினால் நகராது. இதை அவர் சொல்லவே இல்லை, செய்து காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று நான் எழுதியதைப் பதிவேட்டில் அடித்துவிட்டு, பக்கத்திலேயே மூன்று பி.ஆர்.எஃப்.களையும் மூன்று தூரங்களையும் எழுதி வைத்தேன்.

அக்டோபர் 30, மாலை 4.10

பல்ஸின் எண்ணிக்கை ஆயிற்று. பல்ஸின் அகலம் என்ன என்று திருவான்மியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு பல்ஸ் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே அகலம். 1 மைக்ரோ வினாடி பல்ஸ் என்றால், முன்னும் பின்னுமாக 150 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு மழைத்தாரைகளைப் பிரித்துக் காட்டும். 2 மைக்ரோ வினாடி என்றால் 300 மீட்டர் தேவை. ஷார்ட் பல்ஸ் நுணுக்கத்துக்கு, லாங் பல்ஸ் தூரத்திலிருக்கும் மெல்லிய மழையைப் பிடிக்க. அகலத்தை இரட்டிப்பாக்கினால் எதிரொலியின் பலம் இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபெல் லாபம்.

ஆனால் பக்கவாட்டில் நுணுக்கம் கூடாது. அது ஆன்டெனாவின் கையில் இருக்கிறது. ஒரு பாகை அகலக் கற்றை 100 கி.மீ.யில் 1.75 கி.மீ. அகலமாகிவிடும், 250-இல் நாலு கி.மீ.க்கு மேல். ஷார்ட் பல்ஸ் போட்டுவிட்டுத் 'தெரு தெருவாகத் தெரியும்' என்று எதிர்பார்க்கக் கூடாது.

அக்டோபர் 31, காலை 8.05

நேற்று எழுதியதில் தவறு. இயற்பியல் டீச்சர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி டீச்சர். பல்ஸை இரண்டு மடங்கு நீளமாக்கினால் எதிரொலி இரண்டு மடங்கு என்பது சரி. ஆனால் கூடவே ரிசீவரின் அலைவரிசை அகலத்தைப் பாதியாக்கலாம், அதனால் இரைச்சலும் பாதியாகும். இரண்டும் சேர்ந்தால் மழைக்கு லாபம் நாலு மடங்கு, 6 டெசிபெல். ரிசீவர் ஃபில்டரைப் பல்ஸுக்குப் பொருத்தமாக மாற்றினால்தான் இந்த முழு லாபம். மாற்றாமல் விட்டால் 3 டெசிபெல்தான். இத்தனை வருஷம் கையில் வைத்திருந்த விஷயத்தை அவசரத்தில் பாதி எழுதிவிட்டேன்.

நவம்பர் 2, இரவு 9.20

டீச்சர் சொன்னதிலிருந்து பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்கு இன்றும் உறுத்துகிற சம்பவம்.

ஒவ்வொரு பல்ஸ் அகலத்துக்கும் 'ரேடார் கான்ஸ்டன்ட்' என்று ஒரு எண் தனியாக இருக்கும். எதிரொலியின் பலத்தை டிபிஇசட்டாக, அதாவது படத்தில் நிறமாகத் தெரியும் மழை எதிரொலியின் அளவாக, மாற்றுவது அந்த எண்தான். ஒரு நிலையத்தில் சர்வீஸ் முடித்துவிட்டுப் போனவர்கள் லாங் பல்ஸுக்கும் ஷார்ட் பல்ஸின் எண்ணையே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். படம் அழகாக வந்தது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. எல்லாமே 3 டெசிபெல் கூடுதல், அவ்வளவுதான்.

3 டெசிபெல்தானே என்று தோன்றும். டிபிஇசட்டை மழையாக மாற்றும் மார்ஷல்-பால்மர் சூத்திரத்தில், இசட் (டெசிபெல்லாக மாற்றுமுன் உள்ள எதிரொலி அளவு) என்பது 200 பெருக்கல் மழை வேகத்தின், அதாவது மணிக்கு எத்தனை மி.மீ. என்பதன், 1.6 அடுக்கு. அதில் போட்டுப் பார்த்தால் 3 டெசிபெல் பிழை மழையை ஒன்றரை மடங்காக்கிவிடும். மழைமானியில் 20 மி.மீ., ரேடார் கணக்கில் 31 மி.மீ. இரண்டு வாரம் அப்படியே ஓடியது. தினமும் காலையில் மழைமானி அளவை ரேடார் அளவுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்த ஒரு உதவியாளர் அம்மாதான் கண்டுபிடித்தார். "சார், எல்லா நாளும் ஒரே மாதிரி ஒன்றரை மடங்கு வருது, மழை அப்படி ஒழுங்கா இருக்காதே" என்றார். நிஜமான வானம் ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும். ஒரே விகிதத்தில் தப்பு வந்தால் தப்பு இயந்திரத்துக்குள் இருக்கிறது.

பல்ஸ் அகலத்தைத் தொட்டால் மூன்றைச் சேர்த்துத் தொட வேண்டும்: அகலம், ஃபில்டர், கான்ஸ்டன்ட். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து வராதே.

நவம்பர் 5, பகல் 1.30

"லாங் பல்ஸும் வெச்சு பி.ஆர்.எஃப்.பும் கூட்டினா எல்லாமே கிடைக்குமே?" வேளச்சேரித் தம்பிதான் மறுபடி.

ட்ரான்ஸ்மிட்டர் தாங்காது. 1 மைக்ரோ வினாடி, 1,000 பல்ஸ் என்றால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அது சக்தியை உமிழ்கிறது. உச்ச சக்தி 750 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் சராசரி 750 வாட். அகலத்தை இரண்டு மடங்காக்கி பி.ஆர்.எஃப்.ஐக் குறைக்காமல் விட்டால் 1,500 வாட். அலையைப் பெருக்கும் கிளைஸ்ட்ரானும் அதற்கு மின்துடிப்பு கொடுக்கும் மாடுலேட்டரும் இவ்வளவுதான் என்று ஒரு எல்லையோடு செய்யப்பட்டவை. அதனால்தான் லாங் பல்ஸைத் தேர்ந்தெடுத்தால் சாஃப்ட்வேர் பி.ஆர்.எஃப்.ஐ ஒரு அளவுக்கு மேல் ஏற்ற விடாது.

அந்தத் தடையைத் தாண்டிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல ஆர்வம் உள்ள பையன், சோதனை மோடில் போய் எல்லையை மாற்றிப் பார்த்தான். பத்து நிமிஷம் ஓடியது, அப்புறம் மாடுலேட்டர் ட்ரிப் ஆகி நின்றது. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது, உள்ளே ஆன்டெனா வெறுமனே சுற்றுகிறது. திரும்ப ஹீட்டர் சூடேறி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுப்ப விடிந்துவிட்டது. மழைக்கால இரவில் ரேடார் குருடாக இருப்பது என்னவென்று அந்த அறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு போன்.

நவம்பர் 9, இரவு 11.50

கலர் மாறும் கதை. வாக்குக் கொடுத்து இரண்டு வாரம் ஆயிற்று.

15 மீட்டர் எல்லையில் 20 மீட்டர் வேகக் காற்று விலகிப் போனால் ரேடார் அதை 10 மீட்டர் வேகத்தில் நெருங்கி வருவதாகக் காட்டும். 20-இலிருந்து, எல்லையின் இரண்டு மடங்கான 30-ஐக் கழித்த கணக்கு. வழக்கமாக விலகுவது சிவப்பு, நெருங்குவது பச்சை. அடர் சிவப்பாக இருக்க வேண்டியது பச்சையாகிவிடும். வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவது போல சினிமாவில் தெரியுமே, அதே சங்கதிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் நம் கரைக்கு அப்பால் நின்று ஆட்டிவைத்த மாதிரிப் புயல்களில் மணிக்கு 100, 110 கி.மீ. காற்று சகஜம். 110 என்றால் வினாடிக்கு 30 மீட்டர் சொச்சம். 15 மீட்டர் எல்லையில் அது முழுசாக ஒரு சுற்று மடிந்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். புயலின் கடுமையான இடம் காற்றே இல்லாத இடம் போல வெளிறித் தெரியும். இதைத் தெரியாமல் படம் பார்ப்பது ஆபத்து.

கண்ணால் பிரிக்க ஒரு வழி. நிஜமாகவே காற்று திசை மாறும் இடத்தில் சிவப்பு மெல்ல மெல்ல வெளிறி, சாம்பலாகி, அப்புறம் பச்சையாகும். மடிந்த இடத்தில் அப்படி வெளிறாது. பளிச்சென்ற சிவப்புக்கு அடுத்த புள்ளியே பளிச்சென்ற பச்சை. கத்தியால் வெட்டின மாதிரி கோடு தெரியும்.

இயந்திர வழி, இரட்டை பி.ஆர்.எஃப். ஒரு கதிருக்கு (ஆன்டெனா பார்க்கும் ஒரு திசைக்கு) 800, அடுத்த கதிருக்கு 600 என்று மாற்றி மாற்றி அனுப்புவது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் மடிவதால், ஒப்பிட்டுப் பார்த்து நிஜ வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். 10 செ.மீ. அலைநீளத்தில் 800-க்கு 600 வைத்தால் எல்லை 60 மீட்டர் வரை நீள்கிறது, மணிக்கு 216 கி.மீ. பெரும்பாலான புயல்களுக்குப் போதும். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கதிர்களில் காற்று ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்பித்தான் இந்தக் கணக்கு. காற்று சட்டென்று மாறுகிற இடத்தில், புயல் கண்ணின் விளிம்பில், கணக்குத் தவறிப் புள்ளி புள்ளியாகச் சம்பந்தமில்லாத நிறம் தெறிக்கும். அரிசியில் கல் கலந்த மாதிரி. அந்தக் கற்களைப் பொறுக்கத் தனி ஃபில்டர் வேண்டும்.

நவம்பர் 10, காலை 7.15

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. இரட்டை பி.ஆர்.எஃப். போட்டாலும் தூரம் 800-க்கு உரியதுதான், 187 கி.மீ. வேகத்துக்கு மட்டும்தான் அந்த நீட்டிப்பு.

நவம்பர் 13, மாலை 6.00

மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா: "எங்கள் வீட்டு வாசலில் மழை, துறைமுக ரேடாரில் பெரிசாக ஒன்றும் இல்லையே?"

இதற்கும் பல்ஸுக்கும் சம்பந்தமில்லை அம்மா, ஆன்டெனா எவ்வளவு அண்ணாந்து பார்க்கிறது என்பதுதான். அதிகபட்சம் 21 பாகை என்றால், 10 கி.மீ. உயர மேகத்தின் உச்சியைப் பார்க்க அது 26 கி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். மயிலாப்பூர் அதற்கு ரொம்பப் பக்கம், மேகத்தின் மேல்பாதி தப்பிவிடும். அதோடு கிட்டத்தில் கட்டடம், கிரேன், நங்கூரமிட்ட கப்பல் எல்லாம் எதிரொலி கொடுக்கும். அவற்றை நீக்கும் ஃபில்டர் 'அசையாதது எல்லாம் குப்பை' என்று தள்ளும்போது, ரேடாரை நோக்கியும் வராமல் விலகியும் போகாமல் குறுக்கே நகரும் மழையையும் சில சமயம் சேர்த்துத் தள்ளிவிடும். உங்களுக்குப் பள்ளிக்கரணைப் படம் உதவும்.

நவம்பர் 16, இரவு 10.10

500 கி.மீ. படத்தைப் பார்த்துவிட்டு 'அந்தமான் பக்கமே தெளிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தமான் ஆயிரம் கி.மீ.க்கு மேல் தள்ளி, அதை விடுங்கள். பி.ஆர்.எஃப். 300 வைத்தால் 500 கி.மீ. வரை காது கேட்கும், உண்மை. ஆனால் பூமி வளைகிறது. ஆன்டெனாவை வெறும் 0.2 பாகைக்குத் தூக்கினாலும் 400 கி.மீ.யில் கற்றை பத்து கி.மீ. உயரத்துக்கு மேல் போகிறது, 500-இல் பதினாறுக்கு மேல். அங்கே மாட்டுவது மிக உயரமான இடிமேகத்தின் தலை மட்டும். கீழே கொட்டுகிற மழை கண்ணில் படாது. வெறும் கடலாகத் தெரிந்தால் மழை இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

நவம்பர் 18, இரவு 9.00

"நீங்களே இருந்தா என்ன வெப்பீங்க?" என்று தம்பி கேட்கிறான். ஒரே பதில் கிடையாது, ஆனால் என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

கடலில் சின்னம் உருவாகி இன்னும் தள்ளி இருக்கிறதென்றால், முதலில் கீழ்க்கோணத்தில் பி.ஆர்.எஃப். 300, லாங் பல்ஸ், ஆன்டெனா மெதுவாக ஒரு சுற்று. எங்கே மேகம் நிற்கிறது என்று நேர்மையாகத் தெரிந்துவிடும். அதன் பிறகு ஷார்ட் பல்ஸில் இரட்டை பி.ஆர்.எஃப். 800-600, கோணம் கோணமாக ஏறும் ஸ்கேன். முதல் சுற்றின் படத்தை வைத்து இரண்டாவதில் எது செகண்ட் ட்ரிப் என்று அடையாளம் காணலாம். ஆன்டெனாவை அவசரப்படுத்த மாட்டேன். நிமிஷத்துக்கு 3 சுற்று என்றால் வினாடிக்கு 18 பாகை, 600 பல்ஸில் ஒரு பாகைக்கு 33 பல்ஸ் கிடைக்கும். 2 சுற்று என்றால் 50. எண்ணிக்கை குறையக் குறைய வேகத்தின் கணிப்பு நடுங்கும். ஆனால் ரொம்ப மெதுவாகச் சுற்றினால் பத்து நிமிஷத்துக்குள் எல்லாக் கோணமும் முடியாது, அதற்குள் இடிமேகம் உருமாறிவிடும்.

புயல் கரையை நெருங்கிவிட்டால் எதையும் தொட மாட்டேன். போன படமும் இந்தப் படமும் ஒரே செட்டிங்கில் இருந்தால்தான் எது வளர்கிறது, எது தேய்கிறது என்று ஒப்பிட முடியும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றியே ஆக வேண்டுமென்றால், மணி, பழைய எண், புதிய எண் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டு மாற்று. வெளியிலிருந்து படம் பார்ப்பவர்களும் ஓரத்தில் பி.ஆர்.எஃப்., பல்ஸ் அகலம், கோணம், தூரம் அச்சாகியிருந்தால் நிறத்தைப் பார்க்குமுன் அதைப் படியுங்கள்.

நவம்பர் 20, காலை 6.20

நடுராத்திரி 12.40-க்குத் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கிழக்கே 85 கி.மீ.யில் ஒல்லியாக ஒரு கீற்று, மையத்தைப் பார்த்தபடி. ஓரத்தில் தூரம் 250 என்று இருக்கிறது. நான் தூங்கிப்போயிருந்தேன், பதில் எழுதவில்லை. ஒரு மணிக்கு அவனே இன்னொன்றை அனுப்பியிருக்கிறான்: 500 கி.மீ. படம், அதே திசை, 335 கி.மீ.யில் அகலமாக, தடியாக. கீழே ஒரே வரி. "அண்ணா, 335-இல் 250 போனா 85. எழுதி வெச்சுட்டேன்."